மச்சான் அனுப்பிய அர்ஜெண்ட்

தபால்
கோலாலம்பூர்,
14 ஜூன் 2003

அன்புள்ள விருமாண்டி மச்சானுக்கு,

அழகுபாண்டி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் செல்லத்தாய் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? தேனுவுக்குச் சளி விட்டதா?

போன வாரம் போனில் கூப்பிட்டீர்கள். நீங்கள் 'மாப்ள' என்றீர்கள், நான் 'மச்சான்' என்றேன். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை. பூத்துக்காரர் உங்களுக்குப் பின்னால் நின்று, "அண்ணே, மீட்டர் ஓடுது" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. இனி எழுத்திலேயே வைத்துக்கொள்வோம். நான் தபாலில் எழுதுகிறேன், அக்காவும் படிக்கலாம். நீங்கள் ஹம்சவேணியின் பிரௌசிங் சென்டரிலிருந்து மெயில் போட்டால் போதும். என் ஆபீஸ் முகவரி அவரிடம் இருக்கிறது.

இங்கே என் வேலை, கம்பெனிக்கு வருகிற மெயிலையெல்லாம் வடிகட்டுவது. லாட்டரி விழுந்தது, வழுக்கையில் முடி முளைக்கும் என்று நாளெல்லாம் குப்பை வந்து கொட்டுகிறது. அதைப் பிடிக்க ஒரு புரோகிராம் போட்டிருக்கிறேன். எது குப்பை என்று நாம் சொல்லித்தர வேண்டாம். அவரவர் எதைத் தூக்கிப் போடுகிறார்களோ அதைப் பார்த்து, அவரவருக்கு ஏற்ற மாதிரி தானே கற்றுக்கொள்ளும். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடுகிறது. எனக்கு இப்போது அது போதும்.

உங்கள் தங்கச்சி செல்வி போய் முப்பதாம் நாள் கும்பிட்ட கையோடு, மகள் தேனுவை உங்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன். ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். அந்த வீட்டில் அவள் சேலை மடித்து வைத்திருந்த பீரோ இருக்கிறது. வேறென்ன எழுத?

தேனு என்னைக் கேட்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் எழுத வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை,
அழகுபாண்டி


மின்னஞ்சல்
விளாங்குடி, 2 ஜூலை 2003
தலைப்பு: அர்ஜெண்ட் அர்ஜெண்ட் உடனே பார்க்கவும்

மாப்ளைக்கு விருமாண்டி எழுதுறது. நாங்க சுகம். உங்க சுகத்துக்கு எழுதுங்க.

நான் சொல்லச் சொல்ல ஹம்சவேணி தங்கச்சி தமிழ்ல அடிக்குது. தலைப்புல அர்ஜெண்ட் எதுக்குண்ணேன்னு கேக்குது. நம்ம செல்வியும் இருந்தப்ப இப்படித்தான் சொல்லும். "அண்ணே, இது தந்தி இல்ல, கூடக் காசு குடுத்தா முந்திப் போறதுக்கு"ன்னு சிரிக்கும். இருந்தாலும் போடும்மான்னு சொல்லியிருக்கேன். போட்டா ஒண்ணும் குறைஞ்சிராது.

தேனு சுகமா இருக்கா. சளி விட்டுருச்சு. பட்டறைக்கு என் கூடவே அவனியாபுரம் வாரேன்னு தினம் ஒரு சண்டை. செல்லத்தாயி இடுப்பை விட்டு எறங்குறது இல்ல. உங்க போட்டோவைக் காட்டுனா அப்பான்னு சொல்லுது.

கேக்க வேண்டியது ஒண்ணு. வர்ற மாசி சிவராத்திரிக்கு அவளுக்கு மூணு வயசு. மொட்டை போட்டுக் காது குத்திரணும். முறைப்படி உங்க குலசாமி கோயில்லதான், தாய்மாமன் நான் மடியில வச்சுக்கிறணும். நீங்க வருவீகளா? உங்க பங்காளிககிட்ட நான் பேசவா, நீங்க பேசுறீகளா? ஒரு வார்த்தை எழுதுங்க.

இம்புட்டுத்தான். போதும்மா, அனுப்பு. இதையும் அடிச்சிட்டியா?

விருமாண்டி


தபால்
கோலாலம்பூர்,
9 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாம் எப்போதும் போல. தினம் மழை, ஆபீஸ், அறை. அங்கே வெயில் தணிந்ததா? அக்காவின் கால்வலி எப்படி இருக்கிறது?

இன்றைக்கு ஆபீஸில் கரண்ட் போய்விட்டது. இந்த ஊரில் அது அதிசயம். திரையெல்லாம் அணைந்ததும் எனக்கு ஹம்சவேணியின் கடை ஞாபகம் வந்தது. அங்கே லைன் இழுக்க நான் வந்த முதல் நாளும் கரண்ட் இல்லை. செல்வி கல்லாவில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். துபாயில் இருக்கிற மகனுக்கு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதி அனுப்பியிருந்தாள்.

"எப்பம்மா போய்ச் சேரும்?"

"சேர்ந்திருச்சு தாத்தா."

அவர் நம்பவில்லை. சரி, நான் இருந்து பார்த்துட்டே போறேன் என்று கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தார். செல்வி அவரைக் கேலி செய்யவில்லை. மகன் பதில் போட்டிருப்பான், கரண்ட் வரட்டும் என்று அவருக்கும் சேர்த்து விசிறினாள். நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வேர்க்க, அடுத்தவருக்கு விசிறுகிறாளே என்று அன்றைக்குத் தோன்றியது. அடுத்த மாசம் நீங்கள் வந்து என் வேலை, சம்பளம், குலம் எல்லாம் விசாரித்தீர்கள்.

மச்சான், நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்க எனக்கு என்ன இருக்கிறது? பதில் எழுத வேண்டாம். நான் எழுதுவதை மட்டும் படித்தால் போதும்.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அழகுபாண்டி


மின்னஞ்சல்
விளாங்குடி, 27 ஆகஸ்ட் 2003
தலைப்பு: மாப்ள ரொம்ப அர்ஜெண்ட்

மாப்ளைக்கு,

சுகம்தான். செல்லத்தாயிக்குக் கால்வலி பரவால்ல.

உங்க லெட்டர் வந்துச்சு. செல்வியைப் பத்தி எழுதியிருந்ததை செல்லத்தாயி வாசிக்க, நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஆனா கடைசியில பதில் எழுத வேண்டாம்னு எழுதிட்டீகளே. நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தை இல்லையே. எந்தத் தப்புக்கு மாப்ள?

ஒருவேளை கெடைக்கலையோன்னு ஹம்சவேணிகிட்ட கேட்டேன். முகவரி தப்புன்னா திரும்பி வந்திருக்கும்ணே, வரல, அப்ப போய்ச் சேர்ந்திருச்சுன்னு அர்த்தம்னு சொல்லுச்சு. சரிதான, தபால்லயும் ஆள் இல்லாட்டி திரும்பித்தான வரும்.

அதனால திரும்பவும் கேக்குறேன். காது குத்துக்கு வருவீகளா? இதையே மூணு தடவை அனுப்பச் சொல்லியிருக்கேன். கோவமா இருந்தாலும் கோவம்னு எழுதுங்க.

விருமாண்டி


தபால்
கோலாலம்பூர்,
20 அக்டோபர் 2003

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். தீபாவளிக்குத் தேனுவுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் வாங்கினேன். கடையில் எத்தனை உயரம் என்று கேட்டார்கள். என் முழங்காலுக்கு மேலே கொஞ்சம் என்றேன். அது ஏப்ரல் மாசத்து உயரம்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் விளக்குத்தூணுக்குத் துணி எடுக்கப் போனோம். தேனு என் தோளில். செல்வி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் கூட்டத்தில் தொலைந்துவிட்டேன் என்று நினைத்து, ஒரு ஜவுளிக்கடையின் மைக்கில் என் பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டாள். 'அழகுபாண்டி என்கிற குழந்தை எங்கிருந்தாலும் வரவும்.' கடைக்காரனும் அப்படியே சொன்னான். போய்ப் பார்த்தால் பருத்திப்பால் கிளாஸோடு நிற்கிறாள். அவள் சிரித்ததில் பால் சேலையில் சிந்தியது. கறை போகவில்லை. அந்தச் சேலை எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, முறுக்குக்கூடக் கிடைக்கிறது. நான் போவதில்லை.

தேனு விஷயத்தில் எது நல்லதோ அதை நீங்களும் அக்காவுமே முடிவு செய்யுங்கள். உங்களை விட எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எதற்கும் மறுப்பு சொல்ல மாட்டேன்.

தீபாவளியை அவளுக்காகவாவது கொண்டாடுங்கள்.

அழகுபாண்டி


மின்னஞ்சல்
விளாங்குடி, 16 நவம்பர் 2003
தலைப்பு: அர்ஜெண்ட் கடைசி

மாப்ளைக்கு,

எல்லாரும் சுகம். கவுன் பத்தல. செல்லத்தாயி ஓரத்தைப் பிரிச்சுப் போட்டுவிட்டா. அதைப் போட்டுக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டிட்டு வந்துச்சு.

நீங்களே முடிவு பண்ணுங்கன்னு எழுதிட்டீக. அதை எங்க பெரியம்மா மாயக்காளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அது சொல்லுது: "இன்னும் என்னடா வெளக்கம் வேணும்? சின்ன வயசு, நாளைக்கு இன்னொரு கல்யாணம் கட்டும். புள்ளையை நீயே வச்சுக்கன்னு மரியாதையாச் சொல்லிருக்கு. ஒனக்கும் புள்ளை இல்ல."

அப்படின்னா காது குத்து எங்க கோயில்ல. செல்லத்தாயி தம்பி காளை மடியில உக்கார வைக்கணும். அவன் மாமன்னா நான் அப்பன். ஊரறிய அப்படி உக்கார வச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது, உங்களுக்குத் தெரியாதது இல்ல.

நீங்க சம்மதம்னு எழுதக் கூச்சப்படுவீக. அதனால சம்மதம்னா எழுத வேண்டாம். இல்லைன்னா மட்டும் எழுதுங்க. தை பொறந்ததும் சொந்தக்காரகளுக்குச் சொல்லணும், அதுவரைக்கும் பாக்குறேன்.

எனக்குச் சந்தோசமா, வருத்தமான்னு தெரியல மாப்ள. தாய்மாமன் மடி எனக்குன்னு செல்வி மாசமா இருக்கப்பவே சொன்னது.

விருமாண்டி


தபால்
விளாங்குடி,
12 ஜனவரி 2004

அன்புள்ள தம்பி அழகுபாண்டிக்கு அக்கா செல்லத்தாய் எழுதுறது.

உடம்பு நல்லா இருக்கா? நாங்க இருக்கோம். எழுத்து கோணலா இருக்கும், பள்ளிக்கூடம் விட்டதுக்கு அப்புறம் இம்புட்டு எழுதுனதே இல்லை. உங்க மச்சான் பட்டறைக்குப் போயிருக்காரு. அவருக்குத் தெரியாமத்தான் எழுதுறேன்.

கம்ப்யூட்டர்ல உங்களுக்கு அவரு எத்தனையோ எழுதிட்டாரு. காது குத்துக்கு வருவீகளான்னு கேட்டாரு, எந்தக் கோயில்னு கேட்டாரு. நீங்க தபால்ல பருத்திப்பாலைப் பத்தி எழுதுறீக, கரண்ட் போனதைப் பத்தி எழுதுறீக, அதுக்கு மட்டும் பதில் இல்லை. கடைசியில, பேசாம இருந்தீகன்னா சம்மதம்னு எடுத்துக்கிறோம்னு எழுதிட்டாரு. நீங்க பேசாமத்தான் இருக்கீக. அதனால சிவராத்திரிக்கு என் தம்பி காளை மடியில வச்சுக் காது குத்தப் போறோம். அதோட தேனு எங்க புள்ளை. அவன் மாமன் வேட்டி எல்லாம் எடுத்துட்டான்.

தம்பி, எனக்கு இது வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வருசமா நான் போகாத கோயில் இல்லை. ராத்திரி அவ என் மேல காலைப் போட்டுத் தூங்குறப்ப, நீங்க எழுதாமலே இருந்துருங்கன்னு சாமி கும்புட்டிருக்கேன். இந்த லெட்டரைக்கூட முந்தாநாளே எழுதியிருக்கணும்.

ஆனா போன கெழமை தேனு உங்க போட்டோவை எடுத்து வச்சுக்கிட்டு, "அப்பாவுக்குக் காது குத்தியாச்சா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சோறு எறங்கலை.

புள்ளை வேண்டாம்னா நீங்க வாயால சொல்லுங்க, நான் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறேன். பேசாம இருக்கிற ஆள்கிட்ட இருந்து புள்ளையை எடுக்க மாட்டேன்.

உடம்பைப் பாத்துக்கங்க.

செல்லத்தாய்


தபால்
கோலாலம்பூர்,
22 ஜனவரி 2004

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவின் கடிதம் வந்த நிமிஷமே உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். நீங்கள் வந்து எடுத்தீர்கள். "வாரேன் மச்சான். காளை மடி வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் இந்த முறையும் முடியவில்லை. மற்றதை எழுதத்தான் முடியும். அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஒரு மெயிலையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் இங்கே வந்திருக்கின்றன. குப்பை மெயில் போய் விழுகிற என் ஸ்பேம் பெட்டியில், வயாகரா விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தன. திரும்பி வராததால் சேர்ந்துவிட்டது என்று ஹம்சவேணி சொன்னது நியாயம்தான். ஸ்பேம் என்று பிடிபட்ட மெயிலைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அனுப்பியவருக்கு ஒரு சொல் போகாது. அப்படித்தான் நான் அமைத்திருக்கிறேன்.

அர்ஜெண்ட் என்று போட்டதும், ஒன்றையே மூன்று முறை அனுப்பியதும் கொஞ்சம் காரணம். உலகத்துக் குப்பை முழுக்க அர்ஜெண்ட் என்றுதான் வருகிறது. ஆனால் முக்கியக் காரணம் நீங்கள் இல்லை.

இங்கே வந்த முதல் வாரம், செல்விக்காகத் துக்கம் கேட்டு எனக்கு நிறைய மெயில் வந்திருந்தது. காலேஜில் படித்தவர்கள், அவளிடம் மெயில் கற்றுக்கொண்டவர்கள், ஹம்சவேணியே ஒன்று. எல்லாம் தமிழில். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவள் பெயர். என்னால் திறக்க முடியவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளினேன். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. நான் தள்ளியதை அந்தப் புரோகிராம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. தமிழ் எழுத்து வந்தால், செல்வி என்று இருந்தால், விளாங்குடியிலிருந்து வந்தால் இந்த ஆளுக்கு வேண்டாதது என்று கற்றுக்கொண்டுவிட்டது. அது சரியாகத்தான் வேலை செய்தது மச்சான்.

வாரா வாரம் ஆபீஸில் எல்லோருடைய ஸ்பேம் பெட்டியையும் திறந்து, நல்ல மெயில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். என்னுடையதை மட்டும் திறந்ததில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் எழுதாததை, தங்கச்சியைப் பறிகொடுத்த கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அவளைச் சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று நினைத்தேன். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் ஏன் எழுதவில்லை என்று உங்களைக் கேட்கவே இல்லை.

நேற்று எல்லாவற்றையும் திறந்து படித்தேன். உங்களுடையதையும், அவளுக்காக வந்தவற்றையும். முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து அறை மலாய்க்காரர் வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் ஒவ்வொன்றாக, இது குப்பை இல்லை, இது குப்பை இல்லை என்று அதற்குத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன்.

காது குத்து எங்கள் குலசாமி கோயிலில். மடி உங்களுடையது. பங்காளிகளுக்கு நானே எழுதிவிட்டேன்.

அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வாரேன்.

அழகுபாண்டி


மின்னஞ்சல்
விளாங்குடி, 31 ஜனவரி 2004
தலைப்பு: விருமாண்டி

மாப்ள,

சுகம். தலைப்பு ஹம்சவேணி வச்சது. என்னைப் பேச விடலை.

ஆஸ்பத்திரி பேச்சை நீங்க இனி எடுக்கக் கூடாது. அன்னைக்கு ராத்திரி ஆட்டோ பிடிச்சு நாம ரெண்டு பேரும்தான் தூக்கிட்டுப் போனோம். லேட்டுன்னா எனக்கும்தான் லேட்டு. நான் உங்களை ஒரு நாளும் தப்பா நெனைக்கல. நீங்க என்னைக் கோவிச்சுக்கிட்டீகன்னுதான் இருந்தேன்.

காளைகிட்ட சொல்லியாச்சு. மாமன் வேட்டியை என்ன பண்றதுன்னு கேட்டான். ஒன் கல்யாணத்துக்குக் கட்டுன்னுட்டேன். பொண்ணு யாரு தர்றான்னு அவன் அக்காகிட்டயே கேக்குறான்.

செல்லத்தாயி நல்லா இருக்கா. சமையல் எல்லாம் பண்றா. தேனுவோட துணிமணியை மட்டும் ஒரு பையில தனியா மடிச்சு வச்சிருக்கா. எதுக்குடின்னு கேட்டேன், சும்மான்னா.

வாங்க.

விருமாண்டி


தபால்
கோலாலம்பூர்,
1 மார்ச் 2004

அன்புள்ள செல்லத்தாய் அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கால்வலிக்கு நான் கொடுத்த தைலத்தை விடாமல் தேய்க்கிறீர்களா? மச்சானுக்குத் தனியாக மெயில் போட்டிருக்கிறேன், இது உங்களுக்கு.

ஆபீஸில் சொல்லிவிட்டேன். மாசக் கடைசியோடு வேலை முடிகிறது. மதுரையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பிரிவில் ஆள் கேட்கிறார்கள். சம்பளம் குறைவு. உங்கள் தெருவிலேயே ஒரு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையில் மடித்து வைத்த துணியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வையுங்கள். அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக நான் வரவில்லை.

எழுத வந்தது இன்னொன்று. கோயிலில் எல்லோரும் இருக்க, எனக்கு வாய் வரவில்லை.

மச்சான் மடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். கம்மல் போடுகிற ஆசாரி ஊசியை எடுக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் முன்னால் நின்று வாழைப்பழத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஊசி ஏறியதும் வீறிட்டு, என்னையும் பார்க்காமல், மச்சானையும் பார்க்காமல், கூட்டத்துக்குள் தேடி இரண்டு கையையும் நீட்டினாள். "அம்மா" என்றாள். உங்களைப் பார்த்து.

மாயக்காள் பெரியம்மா, "அத்தைன்னு சொல்லு தாயி, அது ஒனக்கு அத்தை" என்று திருத்தியது. நீங்கள் கையை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். அவள் அழுதுகொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிய பிறகுதான் வந்து வாங்கினீர்கள். வாங்கி, அவள் காதோரம், "அத்தைடா, அத்தைடா" என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள். என் காதிலும் விழுந்தது.

தன்னைப் பெற்ற தாமரைச்செல்வியைத் தேனு போட்டோவில்தான் தெரிந்துகொள்வாள். அதற்கு நான் இருக்கிறேன், எல்லாவற்றையும் சொல்லுவேன். செல்வி கோபித்துக்கொள்ள மாட்டாள் அக்கா, எனக்கு அவளைத் தெரியும். வலிக்கிறபோது வாயில் வருகிற பெயரைப் பிள்ளையிடம் போய் மாற்றச் சொல்ல வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் பெரியம்மா முன்னால் இதை வாயாலேயே சொல்கிறேன். அதுவரைக்கும், அவள் அப்படிக் கூப்பிட்டால் ஏன் என்று கேளுங்கள். திருத்தாதீர்கள்.

தேனுவின் அப்பா,
அழகுபாண்டி